ப்ரூக்வுட் கல்லறைத் தோட்டப் புதிர்: விடை தண்டவாளத்தில் போய் விழுகிறது, எங்கே தப்பு?

பொருநைக்கரை:

வணக்கம். ஜியோகேச்சிங் பழக்கம் உள்ளவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? மூன்று வாரமாக ஒரு புதிரில் சிக்கி, நானும் என் பையனும் பேச்சுவார்த்தை இல்லாத நிலைக்கு வந்துவிட்டோம். கணக்கில் தப்பு அவனுடையதா என்னுடையதா என்பதுதான் தகராறு.

கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பேரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். 2000 மே 2-ஆம் தேதி அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஆரெகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டோரத்தில் வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று எழுதினார். அங்கே தொடங்கிய விளையாட்டு.

இதில் 'மிஸ்டரி கேச்' என்று ஒரு வகை உண்டு. வரைபடத்தில் நீலக் கேள்விக்குறி போட்டிருக்கும். கேள்விக்குறி இருக்கும் இடத்துக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. புதிரை விடுவித்தால்தான் டப்பா இருக்கும் உண்மையான இடம் தெரியும். நாங்கள் மாட்டியிருப்பது இதில்தான்.

இடம் இங்கிலாந்தில் ப்ரூக்வுட். வோக்கிங்கிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேஷன். ஆறு வருஷமாக அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஜன்னல் வழியே உயரமான மரங்கள் தெரியும், ஏதோ பெரிய பூங்கா என்று நினைத்திருந்தேன். உள்ளே 2,35,000 பேர் படுத்திருக்கிறார்கள் என்பது இந்தப் புதிரை எடுத்த பிறகுதான் தெரியும்.

கதை இதுதான். 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊருக்குள் இருந்த சர்ச் மைதானங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. புதைத்த இடத்தையே மறுபடி தோண்டினார்கள். அதனால் ஊரை விட்டு 23 மைல் தள்ளி, பயிருக்கு லாயக்கில்லாத புதர்க்காட்டை வாங்கி ஒரு கம்பெனி கல்லறைத் தோட்டம் போட்டது. லண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி என்று பெயர். அவ்வளவு தூரம் பிணத்தை எப்படிக் கொண்டுபோவது? லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அதற்கென்றே தனி ரயில் விட்டார்கள். முதல் ரயில் 1854 நவம்பர் 13-ஆம் தேதி. தோட்டத்துக்குள் இரண்டு ஸ்டேஷன்கள்: தெற்கு ஸ்டேஷன் ஆங்கிலிக்கன் சபையாருக்கு, வடக்கு ஸ்டேஷன் மற்ற எல்லாருக்கும். ரயிலில் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, சவப்பெட்டிகளுக்கும் உண்டு. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட். பெட்டிக்கு ஒரு வழி டிக்கெட்.

இதைப் படித்துவிட்டு என் பையன் அரை மணி நேரம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

இனி புதிர். ஐந்து எண்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏ: அந்தப் பிண ரயில் லண்டனில் கிளம்பும் ஸ்டேஷன் 1902-இல் வேறு இடத்துக்கு மாறியது. அந்தக் கட்டடத்தின் கதவு எண். இது எளிது, வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோடு, 121. 1941 ஏப்ரல் குண்டுவீச்சில் பின்பக்கம் எல்லாம் போய்விட்டது, ரயிலும் அதோடு முடிந்தது, முகப்பு மட்டும் இன்றும் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டே வந்தோம்.

பி: 'திரும்பிப் போகாத பயணி, மூன்றாம் வகுப்பு, 1854. எத்தனை பென்னி?' சட்டத்திலேயே கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள். பெட்டிக்கு முதல் வகுப்பு 1 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 5 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக 26.

சி: தெற்கு ஸ்டேஷனில் இப்போது கட்டடம் இல்லை, நடைமேடை மட்டும் இருக்கிறது. அதை ஒட்டி ஆர்த்தடாக்ஸ் துறவிகளின் மடம். எட்வர்ட் என்ற பழைய ஆங்கிலேய அரசனின் எலும்புகளை அங்கே வைத்துப் பூசிக்கிறார்கள். அவன் கொலையான ஆண்டு 978.

டி: 'எஃகுக் கனவு கண்டவர் கண் மூடிய ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம்.' நம்ம ஊர் ஆள்! ஜாம்செட்ஜி டாடாவின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. 1904, ஆக 04.

ஈ: ரயில் எஞ்சின் வடிவமைத்த டூகால்ட் டிரம்மண்ட். அவரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். 1912, ஆக 12.

சூத்திரத்தை முழுதாக இங்கே போட மாட்டேன், மற்றவர்களுக்கு விளையாட்டு கெட்டுவிடும். 'பி'யை 20-ஆல் பெருக்கி வடக்கு மினிட்டின் (அட்சரேகை டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) தசம இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது வரை சொல்லலாம். போட்டுப் பார்த்தால் வாட்டர்லூ மெயின் லைனின் நட்ட நடுவில், தண்டவாளத்தில் போய் விழுகிறது! புதிர்ப் பக்கத்தில் விடையைச் சரிபார்க்கும் பொத்தானை அமுக்கினால் சிவப்பு, அதாவது தப்பு.

எங்கே சறுக்குகிறோம்? ஊரிலிருந்து அம்மா வேறு வீடியோவில் பிடித்துக்கொண்டார்: "ஞாயித்துக்கிழமை பிள்ளைய சுடுகாட்டுக்கா கூட்டிட்டுப் போற? வந்ததும் தலைக்குக் குளிச்சீங்களா?" குளித்தோம். அது மழையில் நனைந்ததற்காக என்று நான் சொல்லவில்லை.

ரெடிங் ராசு:

நல்ல புதிரைப் பிடித்திருக்கிறீர்கள். நான் எண்ணூற்றுச் சொச்சம் டப்பா எடுத்தவன், அதனால் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், தண்டவாளம் பக்கம் போகவே வேண்டாம். ரயில் பாதையில் டப்பா வைக்க அனுமதியே கிடைக்காது. அங்கே விடை விழுந்தால் விடை தப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது, 'டி'யில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். அங்கே ஒரு டாடா இல்லை, பல டாடாக்கள் இருக்கிறார்கள். ஜாம்செட்ஜி எஃகாலையைப் பார்க்காமலே போய்விட்டார். டாடா ஸ்டீல் 1907-இல்தான் தொடங்கியது. அதை எழுப்பியவர் மகன் தோராப்ஜி. அவர் இறந்தது 1932. ஆக 04-க்குப் பதில் 32 போட்டுப் பாருங்கள். கல்லறைப் புதிர் வைப்பவர்கள் எல்லாருக்கும் பிடித்த தந்திரம் இது, ஒரே குடும்பப் பெயரில் இரண்டு பேர் இருந்தால் விடவே மாட்டார்கள்.

மூன்றாவது, அந்த மரங்களுக்கு அடியில் போன் காட்டும் இடத்தை அப்படியே நம்பாதீர்கள், ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். ஆனால் உங்கள் சிக்கல் அது இல்லை என்று தெரிகிறது. பொத்தானே சிவப்பு காட்டுகிறதே.

பொருநைக்கரை:

ராசு அண்ணா, நன்றி. 32 போட்டோம். விடை கோல்ஃப் மைதானத்துப் பக்கம் ஓடிவிட்டது. அதுவும் சிவப்பு. பையன் "கனவு கண்டவர்னுதான் போட்டிருக்கு, கட்டினவர்னு போடல" என்று உங்களை மறுத்துப் பேசுகிறான். அவன் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது.

ஆனால் உங்களால் ஒரு நல்லது நடந்தது. போன ஞாயிறு டாடாக்களைத் திரும்பவும் போய்ப் பார்த்தோம். முதல் தடவை தேதியை எழுதிக்கொண்டு ஓடி வந்துவிட்டோம், இந்தத் தடவை நின்று பார்த்தோம்.

டாடாக்கள் பார்சிகள், ஈரானிலிருந்து இந்தியா வந்த ஜொராஸ்திரிய மதத்தார். அவர்களுக்கு அங்கே 1862-லிருந்தே தனி இடம் இருக்கிறது. அந்தக் கால மும்பையில் என்றால் அமைதிக் கோபுரம் என்ற திறந்த கட்டடத்தில் வைத்துக் கழுகுக்கு விட்டுவிடுவார்கள், மண்ணையும் நெருப்பையும் பிணத்தால் அசுத்தம் செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். இங்கே கோபுரமும் இல்லை, கழுகும் இல்லை. மண்ணுக்குத்தான் போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, பணக்காரக் குடும்பங்கள் மண்டபம் மண்டபமாகக் கட்டி வைத்திருக்கின்றன. வாடியா குடும்பத்து மண்டபம் ஈரானில் உள்ள சைரஸ் மன்னரின் கல்லறையைப் பார்த்துக் கட்டியதாம். படிப்படியாக மேலேறும் கல்மேடை, உச்சியில் சின்ன வீடு மாதிரி. சர்ரே மாவட்டத்து மழைக்கு நடுவில் ஒரு பாரசீகம்!

ஜாம்செட்ஜி 1904 மே மாதம் ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் இறந்தார். இளைய மகன் ரத்தன் 1918-இல் கார்ன்வாலில். மருமகள் மெஹர்பாய் 1931-இல் வேல்ஸில். அடுத்த வருஷமே அவர் கணவர் தோராப்ஜி, அதுவும் ஜெர்மனியில். ஆளாளுக்கு ஓரிடத்தில் இறந்து, எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நான் வளர்ந்தது பாளையங்கோட்டை. எங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தில் தினமும் பார்த்த பெயர். அந்தப் பெயரைக் கல்லில், வோக்கிங்குக்குப் பக்கத்தில், ஈரப் பாசியோடு பார்த்தபோது என்னமோ மாதிரி இருந்தது.

சரி, டப்பா இன்னும் கிடைக்கவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

வன்னிப்பூ:

தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம். நான் லண்டனில் லூசியத்தில் இருக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர். அம்மாவை இங்கே சேமக்காலையில் வைத்து நாலு வருஷம் ஆகிறது. ஞாயிறு பூசை முடிய நான் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவது வழக்கம்.

போன வருஷம் ஒரு நாள் இரண்டு பேர் போனைப் பிடித்துக்கொண்டு வந்து, பக்கத்துக் கல்லறையின் பூச்சாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஏதோ விளையாட்டு என்றார்கள். அந்தப் பூச்சாடியை அதன் சொந்தக்காரப் பெண் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் மரியாதையான ஆள் என்று விளங்குகிறது. ஆனாலும் கேட்கிறேன். சரித்திரம் படிப்பதென்றால் புத்தகம் இருக்கிறது. செத்தவர்களின் திகதியை வைத்துக் கூட்டல் கழித்தல் செய்ய வேணுமோ?

ரெடிங் ராசு:

அக்கா, அந்த இரண்டு பேர் செய்தது தப்பு. டப்பாவைக் கல்லறை மேலேயோ பூச்சாடியிலேயோ வைப்பதும் கூடாது, இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் வைப்பதும் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்கும் தடை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இந்த மாதிரி இடங்களில் கல்லில் உள்ளதைப் படிக்க மட்டும் வைப்பார்கள், டப்பா வெளியே எங்காவது வேலியோரம் இருக்கும். அடுத்த முறை அப்படிப் பார்த்தால் அந்த டப்பாவின் பக்கத்திலேயே புகார் செய்ய ஒரு வழி இருக்கிறது, எடுக்க வைத்துவிடலாம். பக்கத்தை நான் தேடித் தருகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள்.

பொருநைக்கரை:

அக்கா, குறை நினைக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி என் முன்னால் யாராவது செய்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருக்கிறதா தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் செவ்வந்திப் பூவுமாக ஊரே அங்கே இருக்கும். மற்ற 364 நாளும் நாங்கள் அந்த மதிலை ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம், மூச்சு விட்டால் பேய் பிடிக்கும் என்று. ஒரு பெயரைக்கூட நான் படித்ததில்லை. என் பையன் இங்கே மூன்று வாரமாக ஒவ்வொரு கல்லாக நின்று வாசிக்கிறான். ஒரு குழந்தையின் கல்லில் '7 வாரம்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, வீடு வரும் வரை பேசவில்லை. அந்தக் கல் புதிரிலேயே இல்லை.

கல்லை மிதிப்பதில்லை, சாய்வதில்லை, யாராவது துக்கத்தில் நின்றால் அந்தப் பக்கமே போவதில்லை. இதற்கு மேல் உங்கள் மனது கஷ்டப்பட்டால் அது நியாயம்தான், மறுக்க மாட்டேன்.

பழைய கண்டக்டர்:

அம்மா, எனக்கு இந்த டப்பா விளையாட்டெல்லாம் தெரியாது. பேத்தி போனில் இந்தப் பக்கத்தைக் காட்டினாள், வாசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் 'பி' வரியில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். 2 ஷில்லிங் 6 பென்ஸ், ஆக 26-ஆ?

ஷில்லிங்குக்கு 12 பென்னியம்மா! இரண்டு ஷில்லிங் 24, அதோடு 6, மொத்தம் 30. அந்தத் தொகைக்குத் தனி நாணயமே இருந்தது, ஹாஃப் கிரவுன் என்போம். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 240 பென்னி ஒரு பவுண்டு. பத்துப் பத்தாக எண்ணுவது 1971 பிப்ரவரி 15-க்கு அப்புறம் வந்த பழக்கம்.

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். சின்ன வயதில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று வாய்ப்பாடு. 1957-இல் நயா பைசா வந்தது. எனக்கு 14 வயது. நாலணாவுக்கு 25 என்றால் ஓரணாவுக்கு ஆறே கால் வர வேண்டும், காலுக்கு எங்கே போவது? ஓரணா கொடுத்தால் 6 பைசா என்று வைத்துவிட்டார்கள். அந்தக் கால் பைசா யார் பைக்குப் போனது என்று என் அப்பா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். 1967-இல் இங்கே வந்து பஸ்ஸில் கண்டக்டர் ஆனேன். மறுபடி 12-ஆம் வாய்ப்பாடு! எனக்கு அது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. வெள்ளைக்காரப் பையன்கள் எல்லாம் மெதுவாகச் சில்லறை கொடுப்பார்கள், நான் அணாக் கணக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவேன். நாலு வருஷத்தில் அதையும் மாற்றிவிட்டார்கள். ஒரே ஆயுளில் இரண்டு அரசாங்கம் என் கணக்கை மாற்றியிருக்கிறது.

ஹாஃப் கிரவுன் நல்ல கனமான காசு. பையில் பத்து இருந்தால் தோள் இழுக்கும். 1969 கடைசியோடு அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு காசுக்கு ஒரு ஏழைப் பிணம் 23 மைல் போயிற்று என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று, பேத்தி அந்த ரயிலைப் பற்றித் தேடிப் படித்துக் காட்டினாள். அதன் கட்டணம் பல பத்து வருஷமாக ஏறவே இல்லையாம், சாதாரண ரயிலை விட மலிவு. அதனால் ப்ரூக்வுட் பக்கம் கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் துக்கத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வேஷம் போட்டு அதில் ஏறியிருக்கிறார்கள். கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், கறுப்புக் கோட்டு போட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவனிடம் டிக்கெட்டைத் தவிர வேறென்ன கேட்க முடியும்?

உங்கள் பையனிடம் சொல்லுங்கள், தப்பு அவனுடையது இல்லை. காசுடையது.

பொருநைக்கரை:

ஐயா!! பச்சை!

நீங்கள் எழுதியதைப் படித்ததும் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். 26-ஐ 20-ஆல் பெருக்கினால் 520, 30-ஐப் பெருக்கினால் 600. மினிட்டில் 0.080 வித்தியாசம், தரையில் கிட்டத்தட்ட 150 மீட்டர். தண்டவாளத்திலிருந்து அந்த 150 மீட்டர் வடக்கே தள்ளினால் எங்கே வருகிறது என்று சொல்ல மாட்டேன். கால் நனையாத, ரயில் மோதாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியேதான், வன்னிப்பூ அக்கா.

நேற்று காலை போய் எடுத்தோம். பழைய பிலிம் டப்பா, மேலே பச்சை டேப் சுற்றியது. பையனுக்கு ஏமாற்றம், இதற்கா மூன்று வாரம் என்று. காகிதத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். அவன் தமிழில் எழுதினான், ஆரஞ்சு ஸ்கெட்ச் பேனாவில். அடுத்து வருகிறவர் என்ன மொழி என்று மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்றான்.

எடுத்த பிறகு வீட்டுக்கு வராமல், திரும்பவும் உள்ளே போனோம். எனக்கு அந்த ஹாஃப் கிரவுன் மண்டையிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்புக்காரர்கள் எங்கே?

டாடா மண்டபத்தைத் தேட வேண்டியதே இல்லை, தூரத்திலிருந்தே தெரியும். முதல் வகுப்பு என்றால் உங்களுக்குப் பிடித்த இடத்தை நீங்களே தேர்ந்தெடுத்து என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பு பெரும்பாலும் ஊர்ப் பங்கு (பாரிஷ்) நிர்வாகத்தின் செலவில் அனுப்பப்பட்ட ஏழைகள். நிரந்தரமாக ஒரு கல் நட அவர்களுக்கு உரிமை கிடையாது. 1854-இல் முதல் ரயில் ஓடிய அன்று நடந்த முதல் அடக்கமே அப்படித்தான். லண்டன் சதக் பகுதியைச் சேர்ந்த ஓர் ஏழைத் தம்பதிக்கு இறந்தே பிறந்த இரட்டைக் குழந்தைகள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் ஏழைகளை ஒரே குழியில் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் கம்பெனி ஒவ்வொருவருக்கும் தனிக் குழி வெட்டியது. லாபத்துக்கு ஆரம்பித்த கம்பெனி, அதிலும் இந்தக் கண்ணியம்.

அதே சமயம் லண்டன் பிஷப்பாக இருந்த புளோம்ஃபீல்டு இந்த ரயில் யோசனையே கூடாது என்றவர். ரயிலின் சத்தமும் அவசரமும் சாவுக்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். ஒழுக்கமாக வாழ்ந்தவரின் பெட்டியும் ஊதாரியின் பெட்டியும் ஒரே வண்டியில் போகலாமா என்பது இன்னொன்று. நம்ம ஊரில் ஊர்ச் சுடுகாடு, சேரிச் சுடுகாடு என்று இரண்டு பாதை பார்த்து வளர்ந்தவளுக்கு இது புதுசாகத் தெரியவில்லை.

நாங்கள் போய் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஹெதர் புதர், புல், நடுவே ஒற்றையடிப் பாதை. சுற்றிலும் வெலிங்டோனியா மரங்கள். அந்த மரத்து விதை இங்கிலாந்துக்கு வந்ததே 1853-இல்தான், அடுத்த வருஷங்களிலேயே இங்கே வரிசையாக நட்டுவிட்டார்கள். அதன் பட்டை பஞ்சு மாதிரி, முட்டியால் குத்தினாலும் வலிக்காது. பையன் குத்திக்கொண்டே இருந்தான். நான் முதல் தடவை வந்தபோது இந்த வெற்று இடத்தில்தான் உட்கார்ந்து சப்பாத்தி ரோல் சாப்பிட்டோம், கல் இல்லாத இடமாகப் பார்த்து, மரியாதையாக. யார் மேல் உட்கார்ந்தோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தலைக்குக் குளித்தோம் என்று மட்டும் சொன்னேன். இந்தத் தடவை மழை இல்லை.

வன்னிப்பூ:

தங்கச்சி, சப்பாத்தி சாப்பிட்டதற்குக் கவலைப்பட வேண்டாம். ஒருத்தரும் வராத இடத்துக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது இரண்டு மெழுகுதிரி கொண்டுபோங்கோ. அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு. இடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பழைய கண்டக்டர்:

அம்மா, என் மேசை இழுப்பறையில் ஒரு ஹாஃப் கிரவுன் இருக்கிறது. 1967-இல் அடித்தது, நான் வந்த வருஷம் என்பதால் பையில் கட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கான காசைப் பைக்குள் போட்டுவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். அதைப் பையனுக்குக் கொடுக்க ஆசை. அந்த மூன்றாம் வகுப்பு இடத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை வாட்டர்லூவிலிருந்து பேத்தியோடு வருகிறேன். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துத்தான்.